ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை

சபையில் அவருக்கு 'நீட்டு ஜெபம்' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அது அவர் காதுக்கு எட்டாமலும் இல்லை. யார் வீட்டிலாவது விருந்து என்றால், "ஜெபத்த மட்டும் அவர்கிட்ட குடுத்துடாதீங்க, சாப்பாடு ஆறிடும்" என்று சமையலறைக்குள் கிசுகிசுப்பார்கள். கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. சாப்பாட்டை ஆசீர்வதிக்கத் தொடங்குகிறவர் அதைச் சமைத்த கைகளுக்கு வருவார். அங்கிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குப் போவார். பிறகு நாட்டை ஆள்கிறவர்கள், கப்பலில் போகிறவர்கள், சிறையில் கிடக்கிறவர்கள் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் சொல்வார். சின்ன வயதில் அவருடைய மகளே ஒரு தடவை நின்றபடி தூங்கி விழுந்திருக்கிறாள்.

குரல் அப்படிப்பட்டது. ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால் மைக்கைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒரு வசனத்தை ஒரே மூச்சில், எங்கும் உடையாமல், கடைசி இருக்கை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மனைவி அதைச் சொல்லிக் காட்டுவாள். "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். நீங்க பின்வரிசைக்குத்தான் கத்துறீங்க."

பிழைப்பு கல்லறுப்பு. ஊர் ஓரத்தில் தகரக்கூரை போட்ட பட்டறை. ஆள் உயரக் கற்பலகைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மெஷினுக்குக் கொண்டுவந்து, சுற்றுகிற வட்டக் கத்திக்குக் கொடுக்க வேண்டும். சமையல் மேடை, படிக்கட்டு, கடைவாசல், கல்லறைப் பலகை, எல்லாம் அங்கேதான் அளவாகும். கத்தி கல்லைத் தொட்டதும் மாவு போல வெள்ளைத் தூசி எழும்பும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. புருவம், முடி, கழுத்து மடிப்பு என்று எல்லா இடத்திலும் தூசி. சாயங்காலம் ஆனால் இளைஞன், கிழவன் எல்லோருக்கும் ஒரே வயது.

அவர் தள்ளுகிற பலகையின் மறுமுனையைப் பிடிப்பவன் ஒட்டடை. ஆள் நெட்டையாக, ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். கோயில், சபை எதுவும் அவனுக்குக் கிடையாது. ஆனால் வாய் உண்டு. "நாம கல்லறுக்கிறோம்ணே. இந்தக் கல்லு நம்மள அறுக்குது. கடைசியில கல்லறைக்கும் இங்கேயே ஒரு பலகைய எடுத்துக்கலாம். அலைச்சல் மிச்சம்" என்பான். அவர் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகச் சிரிப்பார்.

முதலில் வந்தது இருமல்தான். தூசியில் வேலை செய்கிறவனுக்கு இருமல் வராமல் என்ன வரும் என்று விட்டுவிட்டார். பிறகு மாடிப்படி நீண்டுபோன மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஆராதனையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வசனம் பாதியில் அறுந்தது. மூச்சை இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். போதகர் மெதுவாக எழுந்து வந்து மீதியை வாசித்து முடித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அவர் பையை வாங்கிக்கொண்டாள். 

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்குள் பனி கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"கல்லுத் தூசி. வருஷக்கணக்கா உள்ள போய் நுரையீரல்ல படிஞ்சு இறுகிப்போச்சு."

"கழுவ முடியாதுங்களா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். பாத்திரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டோமே என்று அப்புறம் வீட்டில் அழுதாள்.

"முடியாதும்மா. போனது போனதுதான். வேலைய நிறுத்தணும். இருக்குற மூச்ச வச்சுக் கொஞ்ச காலம் ஓட்டலாம்."

வேலை நின்றது. மகள் மருந்துக்கடையில் நின்று சம்பாதித்தாள். மனைவி பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு ஓரம் தைத்தாள். வீட்டின் முன்னறை முழுக்க நீலத்துணி. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது. அது நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். குளியலறை வரை அதன் குழாய் எட்டும்; வாசல்வரை எட்டாது. வெளியே போவதென்றால் சின்ன சிலிண்டர் ஒன்றைச் சக்கரம் வைத்த பையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

சபையிலிருந்து வந்தார்கள். ஆரம்பத்தில் கூட்டமாக, பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. வராதது அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. கடைசியில் ஒரு நாள், சபை மூப்பர்களில் ஒருவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு பேர் ஜெபிச்சும் கதவு திறக்கலன்னா, உள்ள ஏதோ தடை இருக்கணும். மறைவா ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்களேன்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு போதவில்லை. மனைவிதான் எழுந்தாள். மடியில் இருந்த துணியை மடித்து வைத்தாள், ஊசியை அதில் குத்தினாள், போய் வாசற்கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கதவு திறந்துடுச்சுங்க ஐயா. நீங்க போயிட்டு வாங்க."

அவளுடைய வாயைக் கண்டு மூப்பர் வெலவெலத்துப் போய்விட்டார். ஆனால் அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. கட்டிலிலேயே கிடந்தது. நீட்டு ஜெபக்காரருக்கு அது அந்நியமான கேள்வியும் இல்லை. நல்ல குரலோடு இருந்த காலத்தில் எத்தனை கட்டில்களின் தலைமாட்டில் நின்று அவர் இதே கேள்வியோடு ஜெபித்திருக்கிறார். புற்றுநோயில் கிடந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது முடிப்பான் என்று காத்துக் கிடந்த முகம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அதைப் பக்தி என்று நினைத்திருந்தார்.

அதோடு ஜெபத்தை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. பேச்சைத் தொடங்கினால் மூச்சு முட்டியது. மனதுக்குள் தொடங்கினால் எதுவுமே வரவில்லை. தெரிந்த வார்த்தைகளெல்லாம் பெரியவை, நீளமானவை, நல்ல நுரையீரல் உள்ளவனுக்காகச் செய்தவை. சாப்பாட்டு வேளையில் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஆரம்பிப்பார்களா என்று பார்ப்பது போல. பிறகு மகள் கரண்டியை எடுப்பாள். இப்போது சாப்பாடு சூடாகத்தான் இருந்தது. யாருக்கும் இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒட்டடையும் விழுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அவனுக்கும் அதே வியாதி, அதே புள்ளிகள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு மத்தியானம் அவர் சிலிண்டரை இழுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கை வைத்து நின்று, நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஒட்டடை சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வராதாம். ஏற்கெனவே குச்சி, இப்போது குச்சிக்கு நிழல் மாதிரி இருந்தான்.

"வாங்கண்ணே" என்றான். அதற்கே ஒரு மூச்சு செலவானது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரெதிரே உட்கார்ந்து இரைத்தார்கள். பலகையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் சத்தம் போட்டுப் பேசிய ஆட்கள்.

"அண்ணே... உங்க சாமிகிட்ட... எனக்காக ஒண்ணு சொல்லுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா கேக்குற?"

"நான்தான். எனக்கு அவசரமில்ல. எவ்வளவு நீளமா வேணும்னாலும்... பண்ணுங்க. நான் எங்க போகப்போறேன்?"

"நான் இப்பல்லாம் பண்றதில்லடா."

"ஏன்? சண்டையா?"

"மூச்சு இல்ல."

ஒட்டடை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் இல்லாத பார்வை. பயந்துபோன பார்வை. அவனுடைய கண்ணை அப்படி அவர் பார்த்ததே கிடையாது. மறுக்க முடியவில்லை. அவன் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே..." மூச்சை இழுத்தார். "இவன்..." மறுபடி இழுத்தார். "இங்க... இருக்கான்."

வேறு ஒன்றும் வரவில்லை. ஆமென்னுக்குக்கூட மிச்சம் இல்லை.

ஒட்டடை காத்திருந்து பார்த்தான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா... ஊரே பயந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் இரண்டு பேரையும் போட்டு உலுக்கி, ஒட்டடையின் மனைவி தண்ணீரோடு ஓடிவந்து, "இப்ப எதுக்கு இந்தச் சிரிப்பு? செத்துகித்துத் தொலைக்கப் போறீங்க" என்று திட்டி, அவள் திட்டியதற்கும் சிரித்து, ஒருவழியாக அடங்கினார்கள். அவனுடைய கை மட்டும் அவர் முழங்காலை விட்டு விலகவே இல்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி போனார். ஒட்டடையை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அங்கேயும் போனார். நீண்ட வார்டு, வரிசையாகக் கட்டில்கள், சுவரில் பச்சை வண்ணம் ஆள் உயரத்துக்கு. அவன் முகத்தில் முகமூடி கட்டியிருந்தார்கள். ஒரு பிற்பகல், அவன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"தண்ணி."

ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக அவன் தோள்களைத் தூக்கி, விலா எலும்பெல்லாம் தெரிய, உடம்பையே மேலே இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவர் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வருஷந்தோறும் சபையில், ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை வாசித்தவர் அவர்தான். அந்தக் கடைசி வார்த்தைகளை வெண்கல மணி அடித்த மாதிரி, சுவர் அதிர வாசிப்பார். கேட்டவர்கள் கண்ணீர் விடுவார்கள். ஆனால் அதைச் சொன்னவர் அப்படியா சொல்லியிருப்பார்? இரண்டு கையையும் விரித்து ஆணி அடித்துத் தொங்கவிட்ட உடம்பு. நெஞ்சை மேலே தூக்கினால்தான் மூச்சு. தூக்க வேண்டுமென்றால் ஆணியில் உந்த வேண்டும். அங்கே அவர் பேசியதெல்லாமே சின்னச் சின்னப் பேச்சு. தாகத்தைச் சொல்ல ஒரு சொல். ஏன் கைவிட்டீர் என்று ஒரு கேள்வி. நீட்டி முழக்க அவருக்கும் அன்றைக்கு மூச்சு இல்லை.

'உமக்கும் மூச்சு முட்டியிருக்கு' என்று நினைத்தார். அதுதான் பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஆண்டவரிடம் பேசிய முதல் பேச்சு. அதைப் பேசியது அவருக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. நெஞ்சில் பாரம் இறங்கவில்லை. சுகம் வந்துவிடும் என்றும் தோன்றவில்லை. பஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கட்டிலின் இரும்பில் முட்டுக்கொடுத்து, சத்தம் வராமல் அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஒட்டடை அந்த வாரமே போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பட்டறை முதலாளியும் வந்திருந்தார். அவரும் அதே சபைதான், முன்வரிசை ஆள். சபைக்குப் பளபளவென்று தரை போட்டுக் கொடுத்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கண் கலங்கித்தான் இருந்தார்.

"நல்ல வேலைக்காரன். அவனுக்கு ஒரு பலகை நானே போட்டுத் தர்றேன். கறுப்புக்கல்லு, முதல் தரம். பேரெல்லாம் வெட்டி..."

"அவனுக்குக் கல்லு வேணாம் முதலாளி" என்றார் அவர். மூச்சு வாங்கினார். "மெஷினுக்கு... தண்ணி குடுங்க."

கத்தி கல்லைத் தொடுகிற இடத்தில் குழாய் வைத்து நீர் விட்டால் தூசி எழும்பாது, சேறாகி வடிந்துவிடும். இது முதலாளிக்கும் தெரியும். நகரத்துப் பட்டறைகளில் பார்த்திருக்கிறார்.

"தரையெல்லாம் சேறாகும். வேலை மந்தமாகும். பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு போய் நின்றுகொண்டார்.

நீட்டு ஜெபக்காரர் மறுநாள் பட்டறை வாசலுக்குப் போனார். வேப்பமரமோ வேறு மரமோ கிடையாது; பக்கத்துக் கிடங்கின் சுவர் கொஞ்சம் நிழல் தந்தது. காவலாளி ஒரு முக்காலியைக் கொடுத்தான். சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கோஷம் இல்லை, கையில் அட்டை இல்லை. முதலாளியின் கார் உள்ளே போகும்போது எழ முயற்சி செய்து வணக்கம் வைத்தார். வெளியே வரும்போதும் வைத்தார். அடுத்த நாளும் போனார்.

மனைவி கொதித்துப் போனாள். "அந்தத் தூசி வாசல்லயே போய் உக்காரணுமா? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"உள்ள... சின்னப் பசங்க... வேலை செய்றாங்கடி."

"நீங்க உக்காந்தா அந்த ஆளு மனசு மாறிடுமா?"

"தெரியல."

"ஜெபம் பண்றீங்களா அங்க?"

"அதுதான்... ஜெபம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் அவர் கிளம்பும்போது, ஓரம் தைக்கிற துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளும் கிளம்பினாள். "எங்க தைச்சா என்ன, ஊசி ஒண்ணுதானே" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். அவள் நூலைக் கடித்துக் கடித்துத் தைத்தாள். அவர் மூச்சு விட்டார். வேலைக்குப் போகிற பையன்கள் அவரைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்கள். மூக்கில் குழாயோடு இருக்கிற மனிதனைப் பார்ப்பது, கண்ணாடியில் பத்து வருஷம் கழித்துத் தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும்.

சபையில் இது பேச்சாகிவிட்டது. தரை போட்டுக் கொடுத்தவரை இப்படி அவமானப்படுத்தலாமா என்றார்கள். போதகர் சாதுவானவர், யாருடைய மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். ஒரு மத்தியானம் அவரே தேடிவந்து, வெயிலில் நின்றுகொண்டு கைக்குட்டையைப் பிசைந்தார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலங்க."

"ஒண்ணும்... சொல்ல வேணாம் ஐயா. நிழல் இருக்கு. உக்காருங்க."

போதகர் யோசித்தார். பிறகு சட்டையை ஒதுக்கிக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முதலாளியின் கார் அந்த வாசலில் கொஞ்சம் தயங்கித்தான் போனது.

மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு மெஷினுக்குக் குழாய் வந்தது. அடுத்து இன்னொன்றுக்கும் வந்தது. முதலாளி அவரிடம் வந்து எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து ஆராதனையில் அவர் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது மெஷின் மூலையில் இருந்தது. அங்கே குழாய் கொண்டுபோக வசதிப்படவில்லை என்று காவலாளி மூலம் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவதற்காக உட்கார அவரால் முடியவில்லை. மழையோடு காய்ச்சல் வந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார்கள். ஒட்டடையைப் போல அவரும் இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். சோறு கரண்டிக் கணக்காகி, கரண்டியும் தண்ணீராகியது. பேச்சு வார்த்தை வார்த்தையாகக் குறைந்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது.

"அப்பா."

மூச்சை இழுக்கும்போது சில நேரம், விடும்போது சில நேரம். முன்னறையில் இருந்த மகளுக்கு அது வலியில் வருகிற 'அப்பா'வா, தண்ணீருக்குக் கூப்பிடுகிறாரா, அல்லது வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிவருவாள். ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டே விட்டாள்.

"வலிக்குதாப்பா? இல்ல, ஜெபம் பண்றீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். பதிலைச் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"ரெண்டுக்கும்... ஒரே... வார்த்தைதான்... கண்ணு."

மகள் அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். உள்ளே சருகு மிதிபடுகிற மாதிரி சத்தம் கேட்டது. அவர் முகத்தில் பயம் இல்லை என்று அவள் பிற்பாடு அம்மாவிடம் சொன்னாள். சந்தோஷமும் இல்லை. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவனின் முகம் மாதிரி இருந்தது என்றாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் அவர் போனார். மகள் கடைக்குப் போயிருந்தாள். மனைவி காலடியில் உட்கார்ந்து ஒரு சீருடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் முனகுகிறது, ஆனால் நடுவில் கேட்க வேண்டிய மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் எழுந்து மெஷினை அணைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவள் மெஷினை மறுபடி போட்டாள்.

துக்கம் அவளை லேசில் விடவில்லை. சபைக்குப் போனாள், பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. மோட்சத்தைப் பற்றி ஆறுதல் சொன்னவர்களிடம், "இருக்கட்டும்ங்க, எனக்கு இப்ப இந்தக் கட்டில் காலியாக் கெடக்கு" என்றாள். ஆண்டவரிடம் அவள் பேசியதெல்லாம் சண்டைதான். ஆனாலும் பேச்சை மட்டும் விட்டுவிடவில்லை.

சில வாரங்கள் போன பிறகு ஒரு மத்தியானம், துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தாள். காவலாளி முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி போன முதலாளி, மூன்றாம் நாள் காரை நிறுத்தி இறங்கி வந்தார்.

"நீங்க எதுக்கும்மா இன்னும் வர்றீங்க? அவர்தான் போயிட்டாரே."

"ஆமாங்க. போயிட்டாரு. நானும் ஒரு நாள் அங்கதான் போவேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, தையலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "போனதும் அந்த மனுஷன் என்னைச் சௌக்கியமான்னு கேக்க மாட்டாரு. மூணாவது மெஷினுக்குத் தண்ணி வந்துச்சான்னுதான் கேப்பாரு. இப்ப நல்லா மூச்சு வேற வந்திருக்கும், விடவும் மாட்டாரு. நான் என்ன பதில் சொல்றது?"

முதலாளி பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே மூலையில் இருந்த மெஷின் ஓடத் தொடங்கியது. வெள்ளைத் தூசி வாசல்வரை வந்தது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அடுத்த துணியை எடுத்து மடியில் விரித்தாள்.